மேல்வீட்டுக் குறட்டை

ரொட்டிக்காரர் தூங்குவது தெருவுக்கே தெரிந்த விஷயம். தெரு தூங்கும்போது அவர் அடுப்போடு மல்லுக்கட்டுவார். தெரு விழித்து, அவர் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது வீடு வந்து சேருவார். இரண்டு முட்டையையும் ஒரு பெரிய தம்ளர் டீயையும் உள்ளே தள்ளிவிட்டு, பாதி ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்தால், சற்று நேரத்தில் கச்சேரி ஆரம்பமாகிவிடும். எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர் ஒருமுறை கீழே நின்றபடியே அண்ணாந்து, "என்னம்மா, வீடு காலி பண்றீங்களா? பீரோவை இழுக்கிற மாதிரி இருக்கே," என்று கேட்டார். கேட்டவருக்குச் சிரிப்பு. ரொட்டிக்காரரின் மனைவிக்கு அன்று முழுக்கக் கோபம்.

அவள் தையல்காரி. போர்வை மறைக்காத மிச்சப் பாதி ஜன்னலோரம்தான் அவளுடைய மிஷின் இருந்தது. தங்கும் விடுதி ஒன்றுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பது வேலை. வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். தைத்த உறை அடுக்கடுக்காகப் போகும். ஒரே அறைதான். இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் மிஷின், நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்க வழி. தூங்குகிறவர் பக்கத்திலேயே மிஷினை ஓட்ட எத்தனை பேருக்கு வரும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி இது: குறட்டை கேட்கிறவரை கால் மிதித்துக்கொண்டிருக்கும். குறட்டை நின்றால் காலை எடுத்துவிடுவாள். சத்தம் நின்றால் மனுஷனுக்குத் தூக்கம் கலையப்போகிறது, இந்த நேரத்தில் மிஷின் கடகடத்தால் எழுந்துவிடுவார் என்பது அவள் கணக்கு. அவள் ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரிய திணறலோடு குறட்டை மறுபடி கிளம்பும். அப்பாடா என்று அவளும் மிதிக்க ஆரம்பிப்பாள். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியதில் காலுக்கே காது முளைத்துவிட்டது.

மூக்கு அவருக்கு வேலை செய்து வெகுகாலம் ஆகிறது. மாவுத்தூளிலேயே நிற்கிறவர்களுக்கு மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் சகஜம் என்று ரொட்டிக்கடையில் எல்லோருமே சொல்வார்கள். அவருக்கு ஒழுகுவதும் நின்று, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய மாதிரி அடைத்துப் போயிருந்தது. "மூக்கு எதுக்கு இருக்கு? கண்ணாடி மாட்டத்தான்," என்பார். வாயைத் திறந்துகொண்டே தூங்கி, நாக்கு வறண்டு, எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பார். எட்டு மணி நேரம் தூங்கியும் மூட்டை சுமந்தவர் மாதிரிதான் எழுவார். தலைவலி வேறு. வயசாகிறதல்லவா என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கீழ்வீட்டில் இஸ்திரிக்காரம்மா இருந்தாள். மேலே இருப்பவர்களுக்குத் தரை எதுவோ அதுதான் கீழே இருப்பவளுக்குக் கூரை. நடுவில் வெறும் மரப்பலகை. மேலே தண்ணீர் கொட்டினால் கீழே யாருடைய சட்டையிலாவது சொட்டும். குடிவந்த புதிதில் இரண்டு பெண்களும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இவள் ரொட்டி கொடுத்தனுப்புவாள். அவள் தலையணை உறைகளைச் சும்மாவே தேய்த்துக் கொடுப்பாள். ஒருநாள் அவள் மாடியேறி வந்து, கையைப் பிசைந்துகொண்டு, "தப்பா எடுத்துக்காதம்மா. உன் வீட்டுக்காரர் தூங்கறது எனக்கு என்னமோ சரியாப் படல," என்றாள்.

சைக்கிள் கடைக்காரர் கேலி செய்த அதே வாரம் அது. தையல்காரிக்குச் சுருக்கென்றது. "குறட்டை விடறது குத்தமாக்கா? உழைக்கிற மனுஷன், அசந்து தூங்கறார். உங்க காதுக்கு ஆகலைன்னா பஞ்சு வச்சுக்கோங்க," என்றாள். இஸ்திரிக்காரம்மா சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பேச்சு அதோடு அறுந்தது.

அதற்குப் பிறகுதான் தட்டல் தொடங்கியது. துணிக்கொடியை உயர்த்த வைத்திருக்கும் கழியால் கீழிருந்து பலகையில் டக் டக்கென்று ஓர் இடி. கட்டிலுக்கு நேர் அடியில். தூங்குகிறவர் திடுக்கிட்டு ஒரு புரள் புரளுவார். தையல்காரி பல்லைக் கடித்துக்கொள்வாள். இப்படியும் ஒரு பொறாமையா, அடுத்தவர் தூங்கினால் இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று தலையணை உறையிடம் சொல்லிக்கொண்டே தைப்பாள்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரொட்டிக்காரர் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்தார். தனியாக வரவில்லை. தையல்காரியின் அண்ணன் கூடவே வந்தார். அவரும் அதே கடையில் மாவு பிசைகிறவர்தான். ரொட்டிக்காரரின் வலது முழங்கைக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது.

"என்னங்க இது?" என்று அவள் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணுமில்ல. சுட்டுருச்சு."

"ஒண்ணுமில்லயாம்," என்றார் அண்ணன். குடையை மடக்கி மூலையில் சாத்தினார். "நின்னுக்கிட்டே தூங்கிட்டார்மா. ரொட்டியை உள்ள தள்ளற நீளப் பலகை கையில இருக்கு, அடுப்பு திறந்திருக்கு, ஆள் அப்படியே சாயறார். கை போய் இரும்புக் கதவுல ஒட்டிக்கிச்சு. நான் பின்னாடியே நின்னதால இழுத்தேன். கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா..." நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதலாளியம்மா என்ன சொன்னாங்க?"

"குடிச்சுட்டு வந்தியான்னு கேட்டாங்க."

"இவரையா? டீயைத் தவிர எதைத் தொடுவார்?"

"நானும் அதைத்தான் சொன்னேன். அப்ப உடம்புல ஏதோ இருக்கு, டாக்டர்கிட்ட காட்டி, சரியாயிடுச்சுன்னு அவர் வாயால சொன்னாத்தான் அடுப்புக்கிட்ட விடுவேன்னுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாதும்மா. நாளைக்கு ஆள் உள்ளயே விழுந்தா யார் பதில் சொல்றது?"

ரொட்டிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை இடது கையால் கழற்றப் பார்த்தார். முடியவில்லை. அவள் போய்க் கழற்றிவிட்டாள். அடுப்பு அவருக்கு வெறும் வேலை இல்லை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அனலை வைத்தே இது ரொட்டிக்கு ஆகும், ஆகாது என்று சொல்கிற மனுஷன். அவரைப் பொட்டலம் கட்டும் மேசையில் உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் கிழவனாகிவிடுவார்.

"வெறும் சளி," என்றார் அவர், மூக்கால் பேசுகிறவரைப் போன்ற குரலில். "நல்லா ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும்."

படுத்தார். அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கொடுக்கவேண்டிய கட்டு மீதமிருந்ததால் அவள் மிஷினில் உட்கார்ந்தாள். குறட்டை தொடங்கியது, கால் மிதித்தது. குறட்டை நின்றது, காலை எடுத்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

அவள் உதட்டில் விரல் வைத்தாள். இருவரும் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கீழிருந்து டக் டக். கட்டிலில் கிடந்தவர் நீரிலிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி ஒரு திணறு திணறி, மறுபடி குறட்டையில் விழுந்தார்.

"பாத்தியாண்ணா? இதே பொழப்பு அவளுக்கு. கை வெந்து வந்து படுத்திருக்கிற மனுஷனைக்கூட நிம்மதியாத் தூங்க விடமாட்டேங்கறா."

அண்ணன் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை விடு. அவர் உதட்டைப் பாரு. ஏன் இப்படி நீலமா இருக்கு? எந்திரிக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போறோம். சளியாம் சளி."

மூக்கும் தொண்டையும் பார்க்கிற டாக்டரம்மா ரொட்டிக்காரரை அண்ணாந்து உட்காரச் சொல்லி, சின்ன விளக்கு வைத்த குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவசரப்படாத மனுஷி. அந்த ஒரு காரணத்துக்காகவே தையல்காரி அவரைக் கடைசிவரை மறக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் சதை வளர்ந்து கொத்துக்கொத்தா தொங்குதுங்க. மாவுத்தூள் உங்களுக்கு ஒத்துக்கல. இதுல காத்து போக வழியே இல்ல. எத்தனை வருஷமா வாசனை தெரியல?"

ரொட்டிக்காரர் யோசித்தார். "தெரியாதுன்னே மறந்துபோச்சுங்க."

"தூங்கறப்ப குறட்டை உண்டா?"

அண்ணனும் தையல்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெருவுக்கே உண்டுங்க," என்றார் அண்ணன்.

"நடுவுல நிக்குமா?"

"நிக்கும்," என்றாள் அவள்.

"அடிக்கடியா?"

மணிக்கு எத்தனை என்றெல்லாம் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. விடுதியில் கொடுத்துவிட்டு வரலாமென்று பையில் கொண்டுவந்திருந்த உறைகளில் ஒன்றை எடுத்து விரித்தாள். "அது நின்னா நான் காலை எடுத்துடுவேன் டாக்டர். எடுத்த இடத்துல தையல் கொஞ்சம் நெருக்கமா விழும். இதோ, இங்க. அப்புறம் இங்க. இது ஒரு ஓரம் தைக்கறதுக்குள்ள."

டாக்டரம்மா தையலை விரலால் தடவிப் பார்த்தார். "எதுக்கும்மா காலை எடுப்பீங்க?"

"சத்தம் இல்லாம இருக்காரேன்னு. முழிச்சுக்கப் போறார்னு."

டாக்டரம்மா உறையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். எப்படிச் சொல்வதென்று யோசித்த மாதிரி இருந்தது. "மூக்குதாம்மா காத்துக்கு வாசல். அது அடைச்சா வாயால இழுக்கறோம். முழிச்சிருக்கும்போது சமாளிச்சுக்கலாம். தூங்கும்போது தொண்டையில இருக்கிற சதையெல்லாம் தளர்ந்துபோகும். வாய் திறந்து கிடந்தா தாடையும் நாக்கும் பின்னால சரியும், உள்ள வழி குறுகும். குறுகின வழியில காத்து உரசிக்கிட்டுப் போறதுதான் குறட்டை. வழி முழுசா மூடிட்டா உரசறதுக்குக் காத்தே இல்ல. அப்ப சத்தம் வராது."

"அப்ப... சத்தம் இல்லாத நேரம்?"

"அந்த நேரம் அவருக்கு மூச்சு இல்லம்மா. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கிக்கிட்டே போகும். கடைசியில மூளை பயந்துபோய் ஒரு உலுக்கு உலுக்கும், திணறி மூச்சு விடுவார். மறுபடி குறட்டை. ராத்திரி முழுக்க, இவருக்குப் பகல் முழுக்க, இதே கதை. அவர் தூங்கறதா நீங்க நினைச்சீங்க. அவர் உடம்பு தூங்கவே இல்ல."

தையல்காரி உறையை மடித்தாள். மறுபடி விரித்தாள். நெருங்கி விழுந்த ஒவ்வொரு தையலும் அவள் கண்ணில் குத்தியது. பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் மூச்சில்லாமல் கிடந்த ஒவ்வொரு தடவையும் அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று அல்லவா காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். அழுகை வந்ததை அவள் மறைக்கவில்லை.

"இதுல உங்க தப்பு எதுவும் இல்ல," என்றார் டாக்டரம்மா. "இங்க வர்றவங்க குறட்டைன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. நடுவுல நிக்கறதைப் பக்கத்துல இருந்து கவனிச்சுச் சொன்னவங்க ரொம்பக் கம்மி."

ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை மாட்டிக்கொண்டு ஒரு தூக்கம் தூங்கிவிட்டு வரவேண்டும். தொண்ணூற்றைந்துக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டிய ஆக்சிஜன் திரும்பத் திரும்ப எழுபது வரை இறங்கி ஏறியிருந்தது. காகிதத்தில் அந்தக் கோடு ரம்பத்தின் பல்லைப் போலிருந்தது. மூக்கில் ஆபரேஷன் என்று முடிவானது.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் டாக்டரம்மா. "மூக்கைத் திறந்துட்டா எல்லாருக்கும் இது போயிடும்னு கிடையாது. சிலருக்குத் தூங்கும்போது காத்தை உள்ள தள்ளற மாஸ்க் மாட்டித்தான் ஆகணும். முதல்ல வாசலைத் திறப்போம். அப்புறம் மறுபடி அளந்து பாப்போம்."

ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் இரண்டு பேரும் அண்ணன் வீட்டிலேயே தங்கினார்கள். ஆபரேஷன் முடிந்து மூக்கில் அடைத்த பஞ்சை எடுத்த பிறகு, தினமும் உப்புத்தண்ணீரால் மூக்கைக் கழுவவேண்டும், மருந்து அடித்துக்கொள்ளவேண்டும், மல்லாந்து படுக்கவே கூடாது. மல்லாந்து படுத்தே பழகியவருக்கு அதுதான் பெரும்பாடு. தையல்காரி அவருடைய பனியன் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் துண்டுத் துணியை உருண்டையாகச் சுருட்டி வைத்தாள். திரும்பினால் முதுகில் குத்தும்.

"ஒட்டகம் மாதிரி ஆக்கிட்டியே," என்றார் ரொட்டிக்காரர்.

"ஒட்டகமா இருந்தாலும் பரவாயில்ல. மூச்சு விடற ஒட்டகமா இருங்க."

அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுபடி அளந்தபோது கோடு பெரும்பாலும் நேராகவே போயிருந்தது. அங்கங்கே சின்னச் சின்ன இறக்கம். இப்போதைக்கு மாஸ்க் வேண்டாம், உடம்பைக் கொஞ்சம் குறையுங்கள், மாவு பக்கம் போகும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா. முதலாளியம்மாவுக்குத் தானே போன் போட்டுப் பேசினார். அடுப்பு மறுபடி ரொட்டிக்காரர் கைக்கு வந்தது.

முதல்நாள் அடுப்பு வேலையை முடித்துவிட்டு அவர் நேராகத் தங்கள் வீட்டுக்கே வந்தார். தையல்காரி முன்னாடியே வந்து அறையைக் கூட்டிவைத்திருந்தாள். அவர் கையில் சூடு ஆறாத ஒரு ரொட்டி. வெளிப்படியில் பாதி ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"இல்ல. இது என்ன வாசனை? வெயில்ல காஞ்ச துணி மாதிரி, அதைவிடச் சூடா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "கீழ இஸ்திரி போடறாங்க. தினமும் வர்றதுதானே."

"தினமுமா வருது?" என்றார் அவர். ஒரு படி கீழே இறங்கி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மேலே வந்து ரொட்டியை மேசையில் வைத்தபடி, "இதைக்கூட இன்னிக்குத்தான் மோந்து பாத்தேன். என் கையால சுட்டதை," என்றார். "உன் மேல மிஷின் எண்ணெய் வாசனை அடிக்குது, தெரியுமா?"

"குளிச்சுட்டுதான் வந்தேன்."

"குறையாச் சொல்லல."

முட்டையையும் டீயையும் முடித்துக்கொண்டு, ஒட்டகப் பனியனோடு சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். வாய் மூடியிருந்தது. தூங்கிப்போனார். தையல்காரி மிஷினில் உட்கார்ந்தாள். குறட்டை இல்லை. குறட்டை இல்லாமல் எப்படித் தைப்பதென்று காலுக்குத் தெரியவில்லை. நாலு தையல் போடுவாள், எழுந்து போய் அவர் முதுகு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள், வந்து உட்காருவாள். கடைசியில் தைப்பதையே விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அறையில் அத்தனை அமைதி அதுவரை இருந்ததே இல்லை.

டக் டக்.

கட்டிலுக்கு நேர் அடியில். அவர் அசையவில்லை. மறுபடி இடி, இந்தத் தடவை இன்னும் பலமாக.

தையல்காரிக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். இஸ்திரிக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தாள், கையில் அந்தக் கழியோடு, மாடிப்படியை நோக்கி ஓட இருந்தவள் மாதிரி.

"இப்ப என்னக்கா சத்தம் கேட்டுச்சு உங்களுக்கு? குறட்டையும் இல்ல, மிஷினும் ஓடல. இப்ப எதுக்குத் தட்டறீங்க?"

"அவர் எந்திரிச்சாரா?" என்றாள் இஸ்திரிக்காரம்மா. முகம் வெளிறியிருந்தது. "முதல்ல அதைச் சொல்லு. எந்திரிச்சாரா?"

"தூங்கறார்."

"மூச்சு இருக்கா பாத்தியா? சத்தமே வரலையே. இவ்வளவு நேரம் நின்னதே இல்லையேம்மா. நான் சத்தத்துக்கு என்னிக்குத் தட்டினேன்? சத்தம் நின்னாத்தானே தட்டுவேன்."

தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கால் நின்ற பிறகுதான் ஒவ்வொரு தடவையும் அந்த இடி வந்திருக்கிறது. கையில் கட்டோடு அவர் படுத்த அன்று, அண்ணன் எதிரிலேயே அப்படித்தான் வந்தது. தட்டியதும் திணறி மூச்சு விட்டாரே.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் தூங்குவார்," என்றாள் இஸ்திரிக்காரம்மா. கழியைச் சுவரில் சாத்திவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒருநாள் காலையில சத்தம் நின்னுச்சு. பரவாயில்லையே, இன்னிக்காவது நிம்மதியாத் தூங்கறார்னு போர்வையை இழுத்துவிட்டுட்டு நான் வேலைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப போர்வை அப்படியே இருந்துச்சும்மா. உன்கிட்ட அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். நீ கோவிச்சுக்கிட்ட. சரி, சொன்னா புரியல, தட்டுவோம்னு. துணி தேய்க்கறப்ப ஒரு காது மேலதான் இருக்கும்."

மன்னிப்பு என்ற சொல் போதாதென்று தையல்காரிக்குப் பட்டது. அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன, சூடு ஆறாத கைகள். "அக்கா," என்றாள். "வாங்க. வந்து பாருங்க."

மேலே வந்த இஸ்திரிக்காரம்மா கட்டில் அருகே குனிந்து, புறங்கையை அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"வருது," என்றாள் மெல்ல. "மூக்கு வழியாவா வருது?"

"மூக்கு வழியாதான்."

"முதுகுல என்ன இது?"

"ஒட்டகம்," என்றாள் தையல்காரி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தையல்காரி ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவளிடம் கொடுத்தாள். இஸ்திரிக்காரம்மா படியருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். "எல்லாம் சரிதாம்மா. ஆனா இனிமே இப்படிச் சத்தமே இல்லாம இருந்தா எனக்குக் கீழ வேலை ஓடாது. பக்கு பக்குன்னு இருக்கும்."

"நான் தைக்கறேன்க்கா. மிஷின் ஓடுச்சுன்னா இங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கோங்க."

அவள் இறங்கிப் போகும்வரை காத்திருந்து, தையல்காரி புதிய உறை ஒன்றை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். கட்டிலை ஒருமுறை பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்கும் சத்தம் கீழே கேட்டது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, எங்கேயும் காலை எடுக்காமல், கீழே இருப்பவளுக்கு நன்றாகக் கேட்கும்படி மிதித்தாள்.